சம்பளத் துண்டும் துண்டுவிழும் தொகையும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பொருளியல் சிறப்புப் பட்டம், இறுதியாண்டு, தமிழ்மொழி மூலம். அரச நிதி, வரவு செலவுத் திட்டம் என்ற பக்கத்தில் ஆய்வு செய்து பல்கலைக்கழகத்திலேயே தொழில் தேடிக்கொள்ள ஆசை. வீட்டில் "டீச்சர் நியமனம் வந்தா எடு" என்கிறார்கள். மாமா வங்கிப் பரீட்சை எழுதச் சொல்கிறார். கணிதம் சுமார்தான். "இந்தத் துறையில் எதிர்காலம் இருக்கிறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார். எனக்கு அதில் இரண்டு கேள்விகள் கேட்கின்றன. வீட்டுக்கு நான் எப்போது காசு கொடுக்கத் தொடங்குவேன் என்பது ஒன்று. நாட்டின் கணக்கைப் பற்றி லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, வந்த ஒரு பெண் பேசினால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது மற்றது. இரண்டாவதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் நானும் ஒரு காலத்தில் அதை எழுதாமல்தான் மனதில் வைத்திருந்தேன்.

இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பாடத்தைத்தான் கற்பித்து வருகிறேன். நிதியமைச்சின் திறைசேரிக்குள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வகுப்பறையிலும் நூலகத்திலும் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசல்களிலும் நின்று கண்டவை. உள்ளே இருப்பவர்கள் சில இடங்களில் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். மாதம் பத்தாம் தேதி அம்மா சம்பளம் வாங்கிக்கொண்டு வந்ததும் துண்டை என்னிடம் நீட்டுவார். மெல்லிய காகிதம், எழுத்தெல்லாம் ஆங்கிலம், கார்பன் மை பரவியிருக்கும். எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ என்பது ஒரு பக்கம். அடுத்த பக்கம் பிடிப்புகள்: ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), சங்கச் சந்தா, கோயில், தேயிலைத் தூள், இருபத்தைந்தாம் தேதி எடுத்த அட்வான்ஸ், போன தீபாவளி முற்பணத்தின் தவணை. நான் மேலேயிருந்து வாசிக்கத் தொடங்கினால் அம்மா பாதியில் நிறுத்திவிடுவார். "அதெல்லாம் கிடக்கட்டும், கையில எவ்வளவு?" என் வகுப்பில் முதல் நாள் முதல் கேள்வியாக இன்றைக்கும் இதையே கேட்கிறேன். 2023ஆம் ஆண்டு அரசாங்கத்துக்கு வந்த வருமானத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வட்டிக்கே போனது. அந்தத் துண்டிலும் பிடிப்புப் பக்கம்தான் நீளம்.

துறை எதைப் பற்றியது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டப்படிப்பில் நமக்கு இது பாதிதான் கிடைக்கிறது. வரியின் சுமை யார் மேல் விழுகிறது, பொதுப் பண்டம் என்றால் என்ன, கடன் எப்போது சுமையாகிறது என்ற கோட்பாட்டுப் பகுதியை உங்களுக்கு நன்றாகவே கற்பித்திருப்பார்கள். கற்பிக்காமல் விடுவது ஆவணத்தை. பெரும்பாலோருக்கு வரவு செலவுத் திட்டம் என்றால் தொலைக்காட்சியில் வரும் உரை. உரை அறிவித்தல் மட்டுமே. காசை அசைப்பது சட்டம். 1978 அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. அரசின் வருமானம் சேரும் திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்கப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவது வருஷா வருஷம் நிறைவேறும் ஒதுக்கீட்டுச் சட்டம். டிசம்பர் 31 ஆனதும் அது காலாவதி. 2024 கடைசியில் இரண்டு தேர்தல்கள் முடிந்து புது அரசாங்கம் வந்தபோது அடுத்த வருஷத்துத் திட்டம் தயாராக இருக்கவில்லை; அதனால்தான் 2025இன் முதல் நான்கு மாதங்களுக்கு இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றிக்கொண்டு, உரையை பெப்ரவரி 17இல் வைத்தார்கள்.

உரைக்குப் பின்னால் மதிப்பீடுகள் என்று தடித்த தொகுதிகள் வரும், தமிழிலும்தான். ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு செலவினத் தலைப்பு எண் இருக்கும். நுவரெலியா மாவட்டச் செயலகம் 260. உள்ளே போனால் சம்பளம், மேலதிக நேரம், எரிபொருள், கட்டிடத் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண் நிற்கும்: 11 என்றால் உள்நாட்டு நிதி, 12 வெளிநாட்டுக் கடன், 13 வெளிநாட்டு நன்கொடை, 17 வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு நாம் போட வேண்டிய உள்நாட்டுப் பங்கு. வாசிக்கப் பழகாத கண்ணுக்கு இது தொலைபேசி விபரக்கொத்து. பழகிய கண்ணுக்கு, எந்த அமைச்சர் எதை வாயால் சொல்லிவிட்டுக் காசு போடாமல் விட்டார் என்பது தெரியும். எந்தக் குறிப்பிட்ட வருஷத்துக்கும் புத்தகத்தில் பல நிரல்கள் உண்டு: முடிந்த வருஷம் உண்மையில் செலவானது, நடப்பு வருஷத்தின் திருத்திய தொகை, வரும் வருஷத்துக்குக் கேட்பது, அதற்கு அடுத்த வருஷங்களுக்கான எறியம் (முன்கணிப்பு). பத்திரிகைகள் மூன்றாவதை மட்டும் போடும். நீங்கள் முதலாவதைப் படிக்கப் பழகுங்கள். பழைய புத்தகத்தை எடுத்து, அதே வரிக்கு முதலில் எவ்வளவு கேட்டார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒதுக்கீடு என்பது காசு இல்லை. செலவழிக்க அனுமதி. காசு திறைசேரியிலிருந்து இம்பிரஸ்ட்டாக, அதாவது செலவுக்கான முற்பணமாக, வந்தால்தான் உண்டு. என்னிடம் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஒரு மாணவி தன் ஊர்ப் பாடசாலையின் வகுப்பறைக் கட்டிடத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஒதுக்கீடு இருந்தது, கட்டிடம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, பதில் வராமல் மேன்முறையீடு செய்து, கடைசியில் ஒரு பக்கம் கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் நடுப்பகுதியில்தான் அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. நவம்பரில் மழை, கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரவே மூன்று கிழமை, டிசம்பர் 31க்குள் முடிக்க முடியாதென்று அதிகாரிகள் ஒதுக்கீட்டைத் திருப்பி விட்டுவிட்டார்கள். முடிவை அவள் ஊர் வாசிகசாலையில் பத்துப் பதினைந்து பேர் முன்னால் வாசித்தாள். முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "அப்ப அந்தக் காசை யாரு சாப்பிட்டது?" யாரும் சாப்பிடவில்லை, அது வரவேயில்லை என்று விளங்கப்படுத்த அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. திருட்டைத் தேடிப் போகிறவனுக்கு இந்த வகைத் தோல்வி கண்ணில் படாது. நம் பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான 'நிதி மோசடி'ச் செய்திகளை நான் சந்தேகத்தோடு படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணிதம் பற்றிப் பயப்படுகிறீர்கள். வரவு செலவுத் திட்ட ஆய்வுக்குத் தேவையான கணிதத்தில் முக்கால்வாசி வீதம், சுட்டெண், பணவீக்கத்தைக் கழித்துப் பார்ப்பது. மீதிக்குப் பொருளளவையியல் (பொருளியலைப் புள்ளிவிபரத்தால் அளப்பது) கொஞ்சம் வேண்டும், அதை முதுமாணிப் பட்டப்படிப்பில் கற்றுக்கொள்ளலாம். வரிக் கொள்கையின் விளைவுகளை மாதிரியமைத்துப் பார்க்கும் பக்கம் போவதென்றால் மட்டும் கணிதம் கனக்கும். அதை மறைக்க மாட்டேன். மொழிதான் பெரிய தடை. ஆய்வு வெளியீடுகள் ஆங்கிலம், சுற்றுநிருபங்களும் அதிகாரிகளின் வாயும் சிங்களம், சட்டத்தின் தமிழோ சில இடங்களில் மொழிபெயர்ப்பாளருக்கே விளங்காத தமிழ். மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் ஒரு பந்தி தெளியும். பண்டாரவளைச் சந்தையில் மூன்று மொழியிலும் பேரம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அவ்வளவு அந்நியமில்லை.

கையில் எடுத்துப் பார்க்க ஒரு உதாரணம். 2025 நவம்பர் 7ஆம் தேதி வைக்கப்பட்ட 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபா ஆகும் என்றும், அதற்கு மேல் வருகை ஊக்கத்தொகையாக நாளுக்கு 200 ரூபாவை அரசாங்கம் போடும் என்றும் அறிவித்தார்கள். ஒதுக்கீடு 5,000 மில்லியன் ரூபா. எங்கள் ஆட்கள் 1,750 கிடைக்குமா இல்லையா என்று வாதாடினார்கள், நியாயம்தான். நீங்கள் பென்சிலை எடுங்கள். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் ஒருவருக்கு வருஷம் 60,000 ரூபா. 5,000 மில்லியனை அதால் வகுத்தால் சுமார் 83,000 பேர். மாதம் 20 நாள் என்று வைத்தால் ஒருவருக்கு 48,000. அப்போது சுமார் 1,04,000 பேருக்குப் போதும். ஆகவே அந்த ஒரு தொகைக்குள் எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள், எத்தனை நாள் வருவார்கள் என்ற அனுமானம் மறைந்திருக்கிறது. அதற்கும் கீழே இன்னொரு கேள்வி உண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. தனியார் கம்பெனியின் வேலையாளுக்குத் திரட்டு நிதியத்திலிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பது மானியமா, சமூகப் பாதுகாப்பா, கம்பெனிக்குக் கொடுக்கும் மறைமுக உதவியா? என்னிடம் கேட்டால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்பேன், மூன்றாவது கொஞ்சம் கூட. இது என் அபிப்பிராயம். அடுத்த வருஷமும் இது தொடருமா என்பதை யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு ஆயுள் ஒரு வருஷம்தான்.

இன்னொன்று, இதைவிட ஆழமானது. அம்மாவின் துண்டில் இருந்த ஈபிஎஃப் பிடிப்பு. தொழிலாளி 8 வீதம், தொழில் கொள்வோர் 12 வீதம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அந்த நிதியத்தை மத்திய வங்கி நிர்வகிக்கிறது. பணத்தின் பெரும்பகுதி கிடப்பது திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனில். ஈபிஎஃப் கட்டும் ஒவ்வொரு கொழுந்து பறிக்கும் பெண்ணும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த பிறகு, 2023இல் உள்நாட்டுக் கடனையும் சீரமைத்தார்கள். ஓய்வூதிய நிதியங்கள் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டியிருந்தது. புதியவற்றுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டி. மாற்றாவிட்டால் அந்த நிதியங்களின் முறி வருமானத்துக்கு 14 வீதமாக இருந்த வரி 30 வீதமாகும் என்று வைத்தார்கள். இதில் தொழிலாளிக்கு எதிர்காலத்தில் எவ்வளவு குறையும் என்பதில் பொருளியலாளர்கள் ஒத்துப்போவதில்லை, ஏனென்றால் பணவீக்கம் எப்படிப் போகும் என்ற அனுமானத்தில் விடை தங்கியிருக்கிறது. உங்கள் முதுமாணிக்கு இதைவிட நல்ல தலைப்பு என் கையில் இல்லை.

மலையகம் இந்தத் துறைக்கு ஏற்ற இடம் என்று நான் சொல்வது ஊர்ப் பாசத்தால் மட்டும் அல்ல. தோட்டத்துக்குள் ஒரு பாதை உடைந்தால் யார் திருத்த வேண்டும்? காணி அரசினது, முகாமை கம்பெனியினது, பாதை பிரதேச சபையின் எல்லைக்குள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருந்த விதத்தில், வாக்குக் கேட்டு வென்ற சபை தோட்டத்துக்குள் தன் காசைப் போடத் தயங்க வேண்டியிருந்தது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடசாலை பெரும்பாலும் மாகாண சபையினது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை, மாகாணத்தின் கணக்கை விவாதிக்க ஒரு உறுப்பினரும் இல்லை. வீட்டுத் திட்டத்தில் இந்தியாவின் நன்கொடையும் வந்து சேர்கிறது. முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 என்று பிரதமர் மோடி அறிவித்தார். ஒரே லயத்து மனிதருக்கு நான்கைந்து கல்லாப் பெட்டிகள். எந்தப் பெட்டியில் எவ்வளவு என்று யாரும் இன்னும் ஒரே தாளில் எழுதி வைக்கவில்லை. அபிவிருத்தி பற்றி ஆய்வு செய்யும் நகரத்துப் பேராசிரியருக்கு இந்தக் குழப்பம் ஒரு அடிக்குறிப்பு. உங்களுக்கு இது வீட்டு வாசல்.

வரலாற்றுப் பக்கமும் திறந்துதான் கிடக்கிறது. இலங்கையில் வருமான வரி வந்தது 1932இல். அதற்கு முன்னும் பின்னும் வெகுகாலம் ஏற்றுமதித் தீர்வை அரசின் பெரிய தூண்களில் ஒன்று; தேயிலை அதில் முன்வரிசை. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் யோசனைப்படி 1959இல் செலவின வரி போட்டுப் பார்த்துக் கைவிட்டதும் இந்த நாடுதான். 1953இல் அரிசி மானியத்தை வெட்டி 25 சத அரிசியை 70 சதம் ஆக்கியதும் ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். நம்மைப் பற்றிய நூல்கள் குடியுரிமை, சங்கம், சம்பளம் என்று பேசும். நாம் பறித்த கொழுந்திலிருந்து அரசுக்கு வந்த தீர்வை எங்கே செலவானது என்று பேசுவது குறைவு.

இனி வயிற்றுக் கேள்வி. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ இல்லாமல் விரிவுரையாளர் கதவு திறக்காது, அதில் சந்தேகம் வேண்டாம். இருந்தால் முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளர். வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம். பிறகு பதவி வெற்றிடம் விளம்பரமானால் தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் ஆய்வோடு கூடிய முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ முடிக்க வேண்டும், அதன் பின்தான் சிரேஷ்ட விரிவுரையாளர். நான் தற்காலிகமாக இருந்த இடத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகராததால் ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. ஹட்டனில் டியூஷன் கொடுத்துப் பேருந்துக் காசு தேடினேன். வரவு செலவுத் திட்டம் கற்பித்தவனுக்கு ஒதுக்கீட்டுக்கும் காசுக்கும் உள்ள வித்தியாசத்தை வாழ்க்கை அப்படித்தான் கற்பித்தது. ஆகவே வீட்டார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியர் நியமனம் வந்தால் எடுங்கள், வார இறுதியில் பேராதனையிலோ கொழும்பிலோ முதுமாணி செய்யுங்கள். கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை, கணக்காய்வு, உள்நாட்டு இறைவரி ஆகிய போட்டிப் பரீட்சைகளும் இதே பாடத்தின் வேறு கதவுகள். அங்கே ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் என்னைப் போன்றவர்களைவிட நன்றாக எழுதுகிறார்கள். வங்கிப் பரீட்சை பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அது நல்ல தொழில், ஆனால் அங்கே போனால் இந்தப் பக்கம் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

எதில் உறுதியாக இருக்கிறேன் என்று கேட்டால், இந்த அறிவு நாட்டுக்குத் தேவைப்படுகிறது என்பதில். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2022இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தை ஒட்டி நின்றது. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதம். கடைக்காரர் மட்டுமா, ஒரு பொதி பிஸ்கட் வாங்கிய பிள்ளையும் அதைக் கட்டியது. அதன் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன: பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கு 2023இல் ஒன்று, அதே வருஷம் மத்திய வங்கிக்கு 16ஆம் இலக்கச் சட்டம், 2024இல் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம். கடைசியாகச் சொன்னது வட்டி நீங்கலான செலவை உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்துக்குள் கட்டிவைக்கிறது. தோட்டப் பகுதிக்கு இன்னும் கொடுங்கள் என்று இனிக் கேட்பவர், யாருடைய பங்கிலிருந்து என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல நம்மில் ஆள் வேண்டும். சந்தேகமாக இருப்பது வேலை வாய்ப்புகளின் எண்ணிக்கை. புதிய அலுவலகங்கள் திறமை பார்த்து எடுக்குமா, ஆட்சி மாறினால் நிலைக்குமா என்பதற்கு நான் பொறுப்பு நிற்க முடியாது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் நிலவரமும் என் காலத்தோடு போய்விட்டது. அண்மையில் போய் வந்த ஒரு இளையவரிடம் கேளுங்கள்.

யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு: முதலில் யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணையும் பக்கத்தையும் காட்டினால் கேட்பார்கள். அந்த மாணவியின் ஒரு பக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அனுமதி ஏப்ரலில் வந்தது. கட்டிடம் இப்போது கூரை மட்டத்தில் நிற்கிறது.

மடிகணினி இல்லாமல் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொடங்கலாம். மதிப்பீடுகளைக் கைத்தொலைபேசியில் திறந்தால் நிரல்கள் உடைந்து எந்த எண் எந்த வருஷத்துக்கு என்றே தெரியாது. பல்கலைக்கழக நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். 260ஆம் தலைப்பை மட்டும் பத்து வருஷத்துக்கு ஒரு சதுரக் கொப்பியில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், முதல் இரண்டு வருஷமும் கட்டாயம் பிழைக்கும்.